கோவில்பட்டி ஆட்டம்

ரெமிஜியுஸ் சொன்னதை வைத்துத்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவன் நினைவில் ஒரு நாள் காணாமல் போயிருக்கிறது. அதனால் அதற்கு முன்னும் பின்னும் நடந்ததையாவது சரியாகச் சொல்கிறேனா என்று எனக்கே சந்தேகம்தான்.

தூத்துக்குடியின் கிரிக்கெட் குழுவான முத்தணியின் உடைமாற்றும் அறையில் பத்துப் பேரும் கூடியிருந்தார்கள். சுழற்பந்து வீச்சாளன் உச்சிமாகாளியின் இரண்டாண்டுத் தடை முடியப்போகிறது. அவனைத் திரும்பச் சேர்ப்பதா, வேண்டாமா என்று அன்றைக்குள் சொல்லியாக வேண்டும். சேர்த்தால், வாரியத்தின் விதிப்படி பத்துப் பேரும் மறதிக்கூட்டுக்குள் தலையைக் கொடுக்க வேண்டும்.

மறதிக்கூடு பார்ப்பதற்கு அழகு நிலையத்தில் முடி உலர்த்தும் தொப்பி மாதிரி இருக்கும். அதற்குள் உட்கார்ந்து, நடந்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லும்போது மூளையில் எந்த இழைகள் ஒளிர்கின்றனவோ அவற்றை அது அணைத்துவிடும். பங்காளிச் சண்டைகள் அதில் தீர்ந்தன. நீதிமன்றங்களில் கூட்டம் குறைந்தது. மறந்தவர்களிடம் பழைய குற்றத்தை எடுத்துப் பேசுவது சட்டப்படி தவறு. குற்றவாளி ஆடிய ஆட்டங்களின் படங்களெல்லாம் முத்திரையிடப்படும். ஊராரைக் கூட்டுக்குள் அனுப்புவதில்லை. ஒரு பருவம் போனால் அவர்கள் தாமாகவே மறந்துவிடுவார்கள். குற்றம் செய்தவனுக்கு மட்டும் மறதி கிடையாது.

“வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல,” என்றான் தலைவன் மீரான். “ஆனா முடிவு ரெமி கையிலதான். அடி வாங்குனது அவன்லா.”

உண்மைதான். ரெமி விக்கெட் காப்பாளன். காளி பந்து போடுமுன் இடது காதைத் தொட்டால் பந்து வெளிப்பக்கம் திரும்பும். வலது காதைத் தொட்டால் உள்ளே வரும். அந்தச் சைகை இருவருக்கு மட்டுமே தெரியும். மதுரையில் நடந்த அரையிறுதியின் கடைசி ஓவரில் காளி இடது காதைத் தொட்டுத் தொட்டு உள்ளே போட்டான். ரெமி ஒரு பக்கம் பாய, பந்து மறுபக்கம் எல்லைக்கோட்டுக்கு ஓடியது. ஒன்று வாயில் பட்டு முன்பல்லை உடைத்தது. ஊர் ரெமியை ‘ஓட்டைக் கை’ என்று கூப்பிட்டது. அவன் பூசைக்குப் போவதைக்கூட நிறுத்தினான். காளி அந்த ஓவரைச் சூதாட்டக் கும்பலுக்கு விற்றிருந்தது பிறகுதான் தெரிந்தது.

“இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றான் தொடக்க ஆட்டக்காரன் பாலவிநாயகம். “கூட்டுக்குள்ள போயிட்டு வெளிய வந்தா அவன் பழைய காளி, நாம பழைய ஆளுக. பல்லு எப்படிப் போச்சுன்னு மட்டும் ரெமிக்குத் தெரியாது. முறுக்கு கடிச்சதுல போச்சுன்னு நெனச்சுக்கிடுவான்.”

எல்லாரும் சிரித்தார்கள். ரெமி உடைந்த பல்லை நாக்கால் தடவிக்கொண்டிருந்தான்.

காளியை உள்ளே அழைத்தார்கள். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வாசலோரமாகவே நின்றான்.

“என்னைச் சேக்காட்டாலும் பரவால்ல,” என்றான். “மறந்துட்டுச் சேக்காதிய. எல்லாரும் மறந்துட்டா நான் யார்ட்ட போயி மன்னிப்புக் கேக்க? செவுத்துட்டயா?”

“சட்டம்லா அது. மறக்காம உனக்கு அனுமதி தரமாட்டாவ,” என்றான் மீரான்.

மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றியது. ரெமி எழுந்து காலுறைகளை மடித்துப் பைக்குள் வைத்தான்.

“சேத்துக்கிடுங்க,” என்றான், காளியைப் பார்க்காமலே.

கூட்டுக்குள் உட்கார்ந்தபோதுதான் ரெமிக்கு அந்த யோசனை வந்தது. மன்னிப்பது என்றால் அதைத் தானே செய்ய வேண்டும். ஒரு தொப்பி செய்யக் கூடாது. என்ன சொல்கிறோம் என்பதை யாரும் ஒட்டுக் கேட்பதில்லை. நினைவில் காளியின் முகமும் ஆடுகளமும் இருக்கின்றனவா, நெஞ்சு வேகமாக அடிக்கிறதா என்று மட்டுமே இயந்திரம் பார்க்கும். மதுரைக்குப் பதில் வேறோர் ஆட்டத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் நெஞ்சு அதே வேகத்தில் அடிக்க வேண்டும். அப்படி ஓர் ஆட்டம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைக் கொடுக்க மனமே வரவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினான்.

வெளியே வந்தபோது எதையோ கொடுத்துவிட்டோம் என்று தெரிந்தது. எது என்று தெரியவில்லை. பல் எப்படி உடைந்தது என்பது நன்றாக நினைவிருந்தது.

காளி திரும்பி வந்த முதல் ஆட்டம் உள்ளூரில் நடந்தது. பந்தை எடுத்துக்கொண்டு அவன் இடது காதைத் தொட்டான். ரெமியின் கால்கள் ஒரு கணம் மறுத்தன. பிறகு வெளிப்பக்கம் நகர்ந்தான். பந்து அங்கேதான் வந்தது.

அன்று வென்றார்கள். பத்துப் பேரில் தான் ஒருவன்தான் இதைச் சுமக்கிறோம் என்று ரெமி நினைத்திருந்தான். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, தனிமையும் இருந்தது. மற்றவர்கள் மறந்துவிட்டதால்தான் காளியிடம் இவ்வளவு அன்பாக இருக்கிறார்கள் என்றும் நினைத்தான். பரோட்டா கடையில் மீரான் தன் தட்டிலிருந்த கறியை எடுத்துக் காளிக்கு வைத்துக்கொண்டிருந்தான்.

“கோவில்பட்டி மாதிரியே இருந்துச்சு, என்ன?” என்றான் காளி, வாய் நிறைய.

மீரான் பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் தோய்த்தான்.

“எலேய், கோப்பை வாங்குனோம்லா. ரெமி பின்னால ஓடிப் பிடிச்ச கேட்ச்சு.”

ரெமிக்கு அப்படி எதுவும் நினைவில்லை. அவன் மீரானைப் பார்த்தான். மீரானின் கை சால்னாவுக்குள் அப்படியே நின்றிருந்தது. பாலவிநாயகம் ரெமியின் பல்லைப் பார்த்துவிட்டு, சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டான். மேசையைச் சுற்றிப் பத்து முகங்களும் ஒன்றையொன்று பார்த்தன. நெஞ்சு அதே வேகத்தில் அடிக்க எல்லாரிடமும் இருந்தது அந்த ஒரே ஆட்டம்தான்.

காளிக்கும் புரிந்துவிட்டது. அவன் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எல்லாருமாலே?” என்றான் மெல்ல.

“எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல,” என்றான் ரெமி. “பல்லு முறுக்கு கடிச்சதுல போச்சு.”

பாலவிநாயகத்துக்குப் புரை ஏறியது. மீரான் அவன் தலையில் தட்டிவிட்டுக் காளியிடம் திரும்பினான். “சாப்பிடுலே. சாப்பிட்டுட்டு அந்தக் கோவில்பட்டிக் கதையச் சொல்லு.”

காளி இன்னும் மூன்று பருவங்கள் ஆடினான். மீரான் துறைமுகத்தில் வேலைக்குப் போனான். பாலவிநாயகம் திருச்செந்தூரில் கடை வைத்தான். ரெமி பல்லைக் கட்டிக்கொள்ளவில்லை. முத்தணியின் ஒற்றுமையைச் சான்றாகக் காட்டி, வாரியம் மறதிக்கூட்டை எல்லா விளையாட்டுகளுக்கும் கட்டாயமாக்கியது. ஆண்டுக்கு ஒருமுறை பத்துப் பேரும் கூடி, காளியைக் கோவில்பட்டி ஆட்டத்தைச் சொல்லச் சொல்கிறார்கள். அந்த நாளுக்கு அவர்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அவன்தான். ஒவ்வொரு முறையும் ரெமி ஓடிய தூரம் கொஞ்சம் கூடிக்கொண்டே போகிறது. யாரும் மறுத்துப் பேசுவதில்லை.