ஒரு விரல் போதும்!

"ஐயோ! வேணாம்!"

அலறியவர் மானேஜர். காலை எட்டு மணி. வைரக் கம்பெனியின் மூன்றாவது மாடியில் வேறு ஈ, காக்கா இல்லை. முதல் ஆளாக வந்து முதலாளியிடம் நல்ல பேர் வாங்குவது அவர் பழக்கம்.

அவருடைய வலது கை மேஜை மேல். கட்டைவிரலுக்கு மேலே வெட்டுக்கத்தி! பிடித்திருந்தவன் முகத்தில் கம்பளிக் குல்லாய்.

"கத்தாதீங்க சார். உங்க பேட்டியைப் படிச்சேன். 'பெட்டக அறைப் பூட்டை ஒரே ஆளா நான்தான் உருவாக்கினேன், என் கட்டைவிரல் பட்டா திறக்கும்'னு சொல்லியிருக்கீங்க. எனக்கு நீங்க வேணாம். விரல் மட்டும் போதும்."

மானேஜர் கையை இழுக்கப் பார்த்தார்; பிடி இறுகியது.

"பொய்... அது பொய்ப்பா! நான் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடலை! எல்லாம் என் டீம்ல நாலு பேர் செஞ்சது. என் விரலை அதுல பதிக்கக்கூட இல்லை!"

"கத்தியைக் கண்டா எல்லாருக்கும் தன்னடக்கம் வந்துடும்."

கத்தி உயர்ந்தது...

"என் பிள்ளைங்க மேல சத்தியமா!"

ஆறு வருஷ சர்வீஸில் மனுஷன் உண்மை பேசியது இதுதான் முதல் தடவை. நம்பத்தான் ஆள் இல்லை!

கதவு திறந்தது.

சாப்பாட்டுப் பையோடு நின்றாள் கண்ணாடி. சோடாபுட்டிக் கண்ணாடியால் வந்த பட்டப்பெயர். அந்த டீமில் புரோகிராம் எழுதுகிறவள்.

"இவ! இவ விரல் பட்டா திறக்கும்!"

கை காட்டினார் மானேஜர். கொஞ்சமாவது வெட்கம்? ம்ஹூம்!

கத்தி அவள் பக்கம் திரும்பியது. அவள் பையைக் கீழே போட்டுவிட்டுக் கைகளைத் தூக்கினாள்.

"வெட்டிடாதீங்கண்ணா... நானே வந்து திறக்கறேன்."

பெட்டக அறை வாசலில் இடது கட்டைவிரலை வைத்தாள். கதவு திறந்தது. அவன் உள்ளே பாய்ந்தான்.

டமார்!

அவன் முதுகுக்குப் பின்னால் இரும்பு ஷட்டர் விழுந்தது. சைரன் ஊளையிட்டது.

"எ... எப்படிம்மா?" கூடவே இழுத்து வரப்பட்ட மானேஜர் கேட்டார்.

"வலது விரல்னா சும்மா திறக்கும் சார். யாராவது மிரட்டினா இடது விரல். நாலு பேரும் மூணு மாசம் மண்டையை உடைச்சுக்கிட்டோம். நீங்க போட்டோ எடுக்கறப்ப மட்டும்தானே வந்தீங்க!"

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

பத்து மணி. போலீஸ் அவனை இழுத்துப் போனது. டிவிக்காரர்கள் மைக்கை நீட்டினார்கள். மானேஜர் தலையை வாரிக்கொண்டார்.

"அவன் கையில கத்தி. நான் பயப்படலை. தனி ஆளா மடக்கிட்டேன்!"

பின்னால் நின்ற கண்ணாடி, சோடாபுட்டியைக் கழற்றித் துடைத்துவிட்டு அவரை மறுபடி பார்த்தாள். அடப்பாவி மனுஷா!

அரை மணி நேரத்தில் மானேஜரின் செல்போன் ஒலித்தது.

"டிவியில பார்த்தேன் சார்." கரகரத்த குரல். "மாட்டினவன் என் தம்பி. கீழே பார்க்கிங்ல, உங்க கார் பக்கத்துலதான் நிக்கறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவனைப் பிடிச்சுக் கொடுத்தது நீங்க ஒரே ஆளா?"

மானேஜருக்கு வியர்த்து வழிந்தது.

"சேச்சே! என்ன சார் நீங்க... அதெல்லாம் டீம் வொர்க்!"

"அப்படியா? இப்பதான் உங்க ஆபீஸ் நம்பருக்கு அடிச்சேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு. 'எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுண்ணா... முழுப் பெருமையும் எங்க சாருக்குத்தான்'னு சொல்லிடுச்சே!"