யார் கத்துகிறார்கள், பார்

அலுவலகத்தின் மற்ற எல்லாக் கணினிகளையும் புதிய மென்பொருளுக்கு மாற்றிவிட்டாள். மீதி இருந்தது சர்வர் அறை மூலையில் தூசி படிந்து கிடந்த அந்த ஒன்றுதான். அதிலுள்ள பழைய மென்பொருளுக்கு நாளையோடு ஆயுள் முடிகிறது. திரை இருண்டு கிடந்தது. ஆனால் பின்பக்கம், இணைப்புக் கம்பி நுழையும் இடத்தில், பச்சை விளக்கு விட்டுவிட்டு மினுங்கியது. யாரோ அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை, கட்டடத்தில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை.

யாருடையது என்று வெள்ளிக்கிழமையே எல்லாத் துறைகளிலும் கேட்டுப் பார்த்துவிட்டாள். கையை விரித்தார்கள். இதை இன்று முடித்தால்தான் வேலை நிரந்தரம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். வேறு வழியில்லாமல் சீனியருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அட, இதுக்கா மண்டைய பிச்சுக்கற? கம்பிய பிடுங்கிடும்மா. எவன் கத்துறானோ அவனோடது. ஊர் உலகத்துல எல்லாரும் பண்றதுதான்."

"யாருமே கத்தலைன்னா, அண்ணா?"

"அப்ப அநாதைப் பொணம். அணைச்சுட்டு வீட்டுக்குப் போ."

வீடு. காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும் வீடு. அம்மா போன பிறகு அங்கே அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. ஏ.சி.யின் இரைச்சலும், சூடேறிய பிளாஸ்டிக் வாடையும், அலமாரிகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் தன் நிழலுமாகப் பகல் முழுக்கக் கழித்தவளுக்கு, யாராவது கத்தினால்கூட நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

யாராவது.

பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது.

காத்திருந்தாள். மேசைத் தொலைபேசி அடிக்கவில்லை. ஏ.சி. மட்டும் இரைந்தது.

"ஒருத்தரும் கத்தல, அண்ணா."

போனை அருகே இழுத்தாள்.

"அண்ணா?"

"விளையாடாதம்மா." அவர் குரலில் சிரிப்பு போயிருந்தது. "கூட யாரு?"

"நான் மட்டும்தான்."

"காது கிழியுது எனக்கு. யாரு இந்தக் கத்து கத்துறது?"

அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

"உன் பேரைச் சொல்லித்தாம்மா கத்துது."

கம்பியைத் திரும்பச் சொருகப் பார்த்தாள். நுழையவில்லை. மறுபடி. நுழைந்தது. விளக்கு எரியவில்லை.

"கிட்ட வருது. உன் போன்கிட்டயே வந்துடுச்சு. அம்மாடி, வெளிய ஓடு..."

இணைப்பு அறுந்தது.

ஏ.சி.யும் நின்றது.

நிமிர்ந்தாள். எதிரே, இருண்ட திரையில் அவள் முகம். அதன் காதோரம் ஒட்டினாற்போல் இன்னொன்று. கண் இருக்க வேண்டிய இடம்வரைக்கும் திறந்த வாய்.

சத்தமே இல்லை. காதுமடல் மட்டும் சுட்டது.