நான்காம் தொட்டியில் முதலாளி

1931 மார்ச். காலை 6.40. நான்காம் தொட்டியின் நுரைக்கு மேலே ஒரு முதுகும் அடிபட்ட பின்மண்டையும் தெரிந்தன. பீர் ஆலை முதலாளி கொன்ராட் ராவ்ன்கில்டே, தான் காய்ச்சிய பீரிலேயே மிதந்தார்.

அன்று பகல் பன்னிரண்டுக்கு அவர் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது. போட்டால் ஆலை அறக்கட்டளைக்குப் போய்விடும். அதன்மேல் கண்வைத்திருந்த கோபன்ஹேகன் கம்பெனி எந்நாளும் அதை விலைக்கு வாங்க முடியாது. இப்போது அந்தக் கையெழுத்து ஒரே மகள் ராக்ன்ஹில்டின் தலையில் விழுந்தது. அப்பாவுக்கு வந்தது தனக்கும் வராதென்று யார் சொல்வது?

7.30. போலீஸ் அதிகாரி எய்லர் வந்தார். தொட்டிக்கு மேலே உள்ள நடைபாதையில் நின்று எட்டிப் பார்த்தபோது தலைசுற்றி விழுந்திருப்பார், பின்மண்டை விளிம்பில் மோதியிருக்கும் என்றார் பீர் மாஸ்டர் சிவெர்ட். முப்பது வருஷமாக அங்கே இருப்பவர். ராக்ன்ஹில்டுக்கு அவர் மாமா. உடலைத் தூக்கினார்கள். காலில் காலுறை மட்டும். மரச்செருப்புகள் நடைபாதைக்கு ஏறும் படியடியில் ஜோடியாக இருந்தன.

சாவு நடந்த ஆறு மணி வாக்கில் ஆலையில் இருந்தது, இறந்தவரைத் தவிர இரண்டே பேர். ஒருவர் சிவெர்ட். இன்னொருவன் கொன்ராடின் அண்ணன் மகன் ஹோல்கர், வக்கீல். ஆலை விற்றால் அவனுக்குத் தரகு. சிவெர்ட்டுக்கு நிர்வாகி நாற்காலி தருவதாகக் கம்பெனி எழுதிய கடிதமும் எய்லரிடம் அகப்பட்டது.

உள்ளே எப்படி வழுக்கும் என்று காட்ட, காலியாகக் கிடந்த ஐந்தாம் தொட்டிக்குள் ஹோல்கர் பூட்ஸோடு இறங்கினான்.

“டேய், பூட்ஸைக் கழட்டுடா,” என்றார் சிவெர்ட். “உள்பூச்சு கீறிடும். இந்த வீட்டுல பொறந்தும் இது தெரியலையே.”

“சித்தப்பா செத்துக் கெடக்கார். உமக்குப் பூச்சுதான் பெருசாப் போச்சா?”

11.45. ராக்ன்ஹில்ட் சிவெர்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட மாடிப்படி ஏறினாள். அவளுக்கு ஹோல்கர் மேல்தான் சந்தேகம். மாமாவே சாட்சி போடட்டும் என்றாள்.

“அவர் கையை விடும்மா,” என்றார் எய்லர்.

அவள் விடவில்லை. எய்லர் நடுவில் புகுந்து நின்றார்.

“நிரம்பின தொட்டிக்குள்ள யாரும் இறங்க மாட்டாங்க. எட்டிப் பாக்குறவன் செருப்பைக் கழட்ட மாட்டான். விழுந்திருந்தா செருப்போடதான் விழுந்திருப்பார். அடிச்சுப் போட்டவன்தான், உள்பூச்சு கீறிடக் கூடாதுன்னு கழட்டியிருக்கான். ஹோல்கரா இருந்தா அப்படியே தள்ளியிருப்பான். அவனுக்குத் தொட்டியைப் பத்தி என்ன தெரியும்?”

“பீரைக் கொட்டிரலாம்,” என்றார் சிவெர்ட். “தொட்டி அடுத்த வருஷமும் வேணும்ல.”

ராக்ன்ஹில்ட் அப்போதுதான் கையை உருவிக்கொண்டாள்.

12.00. அவள் கையெழுத்துப் போட்டாள். சாட்சி இடத்தில் எய்லர் தன் பெயரை எழுதினார்.