இரண்டு ஹெட்டும் ஒரே வண்டியில்

எட்டு லீற்றர் தண்ணீர் குடிக்க வேண்டிய ரேடியேட்டர் இரண்டு லீற்றரிலேயே வாய்வரை நிரம்பி நின்றதைப் பார்த்து, மெக்கானிக் சசிக்குமார் முதலில் தன் தலையைத்தான் சந்தேகித்தான். காலையிலிருந்து வெயிலில் குனிந்து வேலை செய்தவனுக்குத் தலை கிறுகிறுப்பது புதிதல்ல. கேனைத் தூக்கிக் குலுக்கினான். மிச்சம் ஆறு லீற்றர் அப்படியே உள்ளே சளசளத்தது. அப்படியானால் எஞ்சினுக்குள் இருப்பது யார் ஊற்றிய தண்ணீர்? நாவுலயில் மழை பெய்து நான்கு மாதம். கிணற்றில் வாளி போட்டால் மண்தான் வருகிறது. தண்ணீர் பவுசர் வரும் நாளில் சனம் கேனும் கையுமாக அடிபடுகிறது. இந்த லட்சணத்தில் ஒரு ஜீப்புக்குள் மட்டும் தண்ணீர் தானாக வந்து உட்காருமா?

விரலை விட்டுப் பார்த்தான். சில்லென்றிருந்தது. முகர்ந்தபோது குளத்தடிச் சேறும் அழுகிய பாசியும் சேர்ந்த வாடை மூக்கில் ஏறியது. கையைத் துணியில் துடைத்தான். வாடை போகவில்லை.

ஜீப் வேறு யாருடையதும் அல்ல, அவனுடையதுதான். மகள் ஹம்சிகாவுக்கு ஆறு வயது. அவள் உடம்பில் ரத்தம் ஊறாது. மாதம் ஒரு தடவை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஏற்றியாக வேண்டும். பஸ் நெரிசலில் பாதி வழியிலேயே துவண்டுவிடுவாள். அவளுக்காகத்தான் இந்தப் பழைய ஜீப்பை வாங்கினான். போன மாதம் நாலந்த ஏற்றத்தில் அது கொதித்து நின்றுபோனது. இரண்டு பக்கமும் மும்மூன்று சிலிண்டர் சாய்ந்து நிற்கும் எஞ்சின் அது. சிலிண்டரை மூடி உட்காரும் ஹெட்டும் அதனால் இரண்டு. இரண்டும் வெடித்திருந்தன. நாளைக் காலை ரத்தம் ஏற்றும் நாள்.

முந்தாநாள் போனபோது கலேவெலயில் பழைய வாகனம் உடைத்து விற்கும் பாறூக் நானாவின் யார்டில் அதே வகை ஜீப் ஒன்று கிடந்தது. நீர்த்தேக்கத்தில் விழுந்து, ஒன்பது நாள் அடியில் கிடந்து, தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என ஒரு குடும்பத்தின் சடலங்களோடு மேலே இழுக்கப்பட்ட வண்டி.

"ஒண்டு இதில எடுங்க தம்பி. மத்தத நான் வேற வண்டியில பாத்துத் தாறன்," என்றார் பாறூக். "ஆள் மௌத்தான வண்டியில ரெண்டு ஹெட்டையும் எடுக்கிறல்ல. எங்கட வாப்பா காலத்திலேந்து இந்த யார்டில அப்பிடித்தான்."

"நானா, ரெண்டும் ஜோடியா இருந்தாத்தான் எஞ்சின் ஆடாம ஓடும். வேற வேற ஹெட்டப் போட்டா என் பேருதான் கெடும்," என்று சிரித்தான் சசிக்குமார்.

வேலைக்காரனுக்கு வேலையில் உள்ள கர்வம் லேசில் போகாது. பாறூக் பின்னேரம் அஸர் தொழப் போன நேரம் பார்த்து இரண்டாவதையும் தானே கழற்றினான். திரும்பி வந்தவர் அதைப் பார்த்து முகம் சுருங்கினார். காசை எண்ணாமலே பைக்குள் போட்டார்.

லேத் பட்டறையில் கொடுத்து இரண்டையும் ஒரே மட்டமாகச் சீவி எடுத்தான். புதுக் கேஸ்கட் வைத்தான். நடுப் போல்டில் தொடங்கி வெளிப்பக்கமாக, மூன்று சுற்று, ஒரே அளவாக இறுக்கினான். குறை சொல்ல முடியாத வேலை. பிறகு ஏன் இந்தத் தண்ணீர்?

சாவியைத் திருப்பினான். எஞ்சின் ஒரே உதையில் எழுந்து, அவன் ஆசைப்பட்டபடியே ஆட்டமில்லாமல், பூனை உறுமுவது போல் ஓடியது. அந்தச் சத்தத்தில் மனம் கொஞ்சம் குளிர்ந்தது உண்மைதான். ஆனால் பத்து நிமிடம் கழிந்தும் சூடு காட்டும் முள் அசையவில்லை. இருபது நிமிடம். அரை மணித்தியாலம். கொட்டகைத் தகரம் வெயிலில் படபடத்துக்கொண்டிருக்க, ஓடும் எஞ்சினின் ஹெட்டில் உள்ளங்கையை வைத்தவன் உடனே இழுத்துக்கொண்டான். தொட்டால் சுட்டுக் கொப்பளிக்க வேண்டிய இரும்பு, பனி பிடித்துக் குளிர்ந்திருந்தது.

எஞ்சினை நிறுத்திவிட்டு அடியில் வாளியை வைத்து வடிகுழாயைத் திறந்தான். பழுப்புத் தண்ணீர் வந்தது. வாளி நிரம்பியது. இன்னொரு வாளி. சட்டி. பழைய பீப்பாய். எட்டு லீற்றர் கொள்ளும் எஞ்சினிலிருந்து முப்பது, நாற்பது லீற்றர் அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. காய்ந்த மண்ணில் வழிந்து அவன் செருப்பைத் தொட்டது. அவன் பயந்தான்.

கழற்றிவிட வேண்டும். இப்போதே. போல்டில் ஸ்பானரை மாட்டி இழுத்தான். மத்தியானம் தன் கையால் இறுக்கிய போல்ட் மயிரிழைகூட அசையவில்லை. நீளக் குழாயைச் செருகி முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினான். குழாய் வளைந்தது. போல்டைச் சுற்றி, பல வருஷம் தண்ணீரில் கிடந்ததைப் போலத் துரு பூத்திருந்தது.

பாறூக்குக்குப் போன் போட்டான். சொன்னதையெல்லாம் அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஒரு ஹெட்டயாவது கழட்டேலாதா தம்பி?"

"அசையவே மாட்டேங்குது நானா."

பாறூக்கின் குரல் தாழ்ந்தது. "ஒண்டு எண்டா நீங்க வாங்கின சாமான். ரெண்டும் எண்டா அது இன்னும் அந்த மௌத்தானவங்கட வண்டிதான். யாரையும் ஏத்தாதீங்க. யா அல்லாஹ், புள்ளய ஏத்திராதீங்க."

அந்த நேரம் பார்த்துத்தான் மனைவி ரஜனி வீட்டுப் பின்வாசலால் ஓடிவந்தாள். தோளில் ஹம்சிகா. பிள்ளையின் உதடு வெளுத்திருந்தது.

"மூச்சு வாங்குதுங்க. நாளைக்கு வரைக்கும் தாங்காது. வண்டிய எடுங்க."

"வண்டி சரியில்ல."

"ஓடிச்சே! அரை மணி நேரமா சத்தம் கேட்டுச்சே!"

இரண்டு ஹெட்டையும் எடுக்காதே என்று ஒருவர் முன்கூட்டியே சொன்னார், நான்தான் கேட்கவில்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வெட்கம். பாழாய்ப்போன வெட்கம்! "நீ இங்கயே இரு, ரோட்டுல ஏதாச்சும் மறிச்சுட்டு வர்றேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினான்.

மெயின் ரோட்டில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. லொறி ஒன்று நிற்காமல் போனது. வேன் ஒன்று. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் நின்றான். கடைசியில் தம்புள்ளைப் பக்கமிருந்து வந்த ஆட்டோ ஒன்று வேகத்தைக் குறைத்தது. அதே கணம், பின்னால், கொட்டகையில், எஞ்சின் எழுந்தது.

சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது.

ஓடினான். வாசலில் ரஜனி எதிர்ப்பட்டாள். கையில் கிளினிக் கொப்பி, தோளில் பை. தோளில் பிள்ளை இல்லை.

"வந்துட்டீங்களா? நீங்க ஸ்டார்ட் பண்ணீங்கன்னு நெனச்சு பாப்பாவ பின் சீட்டுல..."

அவன் முகத்தைப் பார்த்தாள். பேச்சு நின்றது.

ஜீப் இருந்த இடத்திலேயே நின்று உறுமியது. நான்கு கண்ணாடியும் ஏறியிருந்தன. உள்ளே, காற்று வரும் துவாரங்களிலிருந்தெல்லாம் பழுப்புத் தண்ணீர் கொட்டியது. சீட் மட்டம் வரை ஏறியிருந்தது. கதவை இழுத்தான். வரவில்லை. சாவியைப் போட்டான். திரும்பவில்லை. தண்ணீர் இப்போது ஸ்டியரிங் மட்டம்.

"ஹம்சிகா! கண்ணாடிய எறக்கு! அந்தக் கைப்பிடிய சுத்து பாப்பா!"

வீல் ஸ்பானரை ஓங்கி அடித்தான். ஒரு கீறல்கூட இல்லை. மறுபடி அடித்தான். உள்ளங்கை கிழிந்தது. ரஜனி கதவில் நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தாள். அவள் கத்துவது தெரிந்தது. எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. ஆட்டோக்காரன் இறங்கி ஓடிவந்தான், பார்த்தான், நின்றுவிட்டான்.

தண்ணீர் கூரையைத் தொட்டது. வெளியே ஒரு சொட்டுக் கசியவில்லை.

அவன் கண்ணாடியில் முகத்தைப் பதித்தான். கலங்கல். பிறகு மெதுவாகத் தெளிந்தது. முன் சீட்டில் ஓர் ஆணின் பிடரி. அருகே ஒரு பெண், பின்னால் திரும்பி, கை நீட்டி, பிள்ளையின் இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். எந்தத் தாயும் பயணத்துக்கு முன் செய்வதைப் போல, பதற்றமில்லாமல். பின் சீட்டில் ஹம்சிகாவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக இரண்டு பிள்ளைகள்.

ஹம்சிகாவின் கண் திறந்தே இருந்தது. உதட்டில் வெளுப்பு இல்லை. அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, கண்ணாடியோரம் இருந்த சின்னவனுக்கு இடம் விட்டு, இன்னும் நடுவுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.