அருண்டல் பிரபுவின் தலை

அட்டைப் பெட்டியில் தலை இல்லை.

வெள்ளிக்கிழமை, பகல் பதினொன்றரை. வளைகுடா நகரமொன்றின் குதைபியா வட்டாரத்தில் தமிழ்ச் சங்கம் வாடகைக்கு எடுத்திருந்த இரண்டாம் மாடி அறையில் சிவசங்கரன் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். கசங்கிய செய்தித்தாள்தான் விழுந்தது. நேற்று மாலை தன் கையாலேயே நாடகத்துக்கான காகிதத் தலையை உள்ளே வைத்து, டேப் ஒட்டி, அறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனவர் அவர். அறைக்கு அந்த ஒரு சாவிதான். செயற்குழுவில் எவனையும் நம்பி ஒரு துடைப்பத்தைக்கூட ஒப்படைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

நிமிர்ந்தபோது கண்ணில் பட்டது. ஐந்து பிரபுக்களின் பொன்னிற அங்கிகளும் கம்பியில் வரிசையாகத் தொங்கின. நடு அங்கியின் கழுத்தில் தலை இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தார். சும்மா வைக்கவில்லை, தைத்திருந்தார்கள். தடித்த கறுப்பு நூல். கோணி மூட்டையின் வாயைத் தைப்பதுபோல் பெரிய பெரிய தையல்.

"உருப்படாத பயலுக," என்றார் உரக்க.

நாடகம் அவரே எழுதியது. மகளின் வரலாற்றுப் புத்தகத்தில் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ரிச்சர்டைப் படித்த அன்றே அவனைத் தன் கூடப்பிறந்தவனாகத் தத்தெடுத்துக்கொண்டார். ஐந்து பிரபுக்கள் பொன்னாடை உடுத்தி, கைகோத்துச் சபைக்குள் நடந்துவந்து, அவனுடைய ஆட்களை ஒழித்து, அவனை முத்திரை குத்தும் பொம்மையாக்கினார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்பது வருடம் காத்திருந்தான். பிறகு பிடித்தான். ஐவரில் ஒருவனான அருண்டல் பிரபுவின் தலை உருண்டது.

பதினொரு வருடம் சங்கத் தலைவராக இருந்த சிவசங்கரனுக்கும் இதே கதிதான். போன வருடம், 2003 பொதுக்குழுவில், ஐந்து பேர் கைகோத்துக்கொண்டு மேடையேறினார்கள். இனி ஐவரின் சம்மதம் இல்லாமல் தலைவர் ஒரு மாலைகூடப் போடக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். நடுவில் நின்றவன் உடையப்பன். தொழிலாளர் கேம்ப்பில் அடுக்குக் கட்டிலில் படுக்கிற ஃபோர்மேன்! சிவசங்கரன் ஆள் நிர்வாகம் பார்க்கும் அதே கம்பெனியில், அவர் சீட்டு எழுதினால் பஸ் ஏறுகிறவன்.

அருண்டல் வேஷத்தை அவனுக்கே கொடுத்தார். அவன் முகத்தில் பிளாஸ்டர் அப்பி அச்செடுத்து, காகிதக் கூழில் தலை செய்யச் சொன்னார். "வெட்டுறது தத்ரூபமா இருக்கணும்ல?" என்றபோது உடையப்பனும் கூடச் சேர்ந்து சிரித்தான், மரமண்டை. அடுத்த மாதம் அவனைத் தெற்கே பாலைவன சைட்டுக்கு மாற்றினார். ஒரே ஒரு வரி உத்தரவு. அங்கே கிரேன் பழுது என்று மூன்று கடிதங்கள் அவர் மேஜையில்தான் கிடந்தன. புகார் எழுதுவதையே பிழைப்பாக வைத்திருப்பவர்களின் எழுத்தையெல்லாம் யார் படிப்பது? வயர் அறுந்தது. இரும்புத் தகடு உடையப்பன் கழுத்தில் இறங்கியது.

பிரேதத்தை ஊருக்கு அனுப்ப, அடையாளம் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். பிணவறையில் துணியை விலக்கினார்கள். கழுத்தைச் சுற்றிக் கறுப்பு நூல், பெரிய பெரிய தையல். சங்கத்தில் அதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். ஊரில் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லியனுப்பியவரும் அவர்தான்.

இன்று மாலை நாடகம். முடிந்ததும் பொதுக்குழு. மிச்சமிருந்த நால்வரையும் ஒவ்வொருவராக மிரட்டி வழிக்குக் கொண்டுவந்துவிட்டார். தீர்மானம் ரத்தாகும், நாற்காலியின் அதிகாரம் திரும்பும். அதைக் கெடுக்கத்தான் எவனோ விளையாடுகிறான். அங்கிகளைத் தைத்த டெய்லர் முகம்மது சித்தீக்குக்குப் போன் போட்டார்.

"நானா? எனக்கென்ன பைத்தியமா சார்? பொன் கலர் துணியில எவனாச்சும் கறுப்பு நூல் போடுவானா? நம்ம கடையில அம்புட்டுத் தடி நூலே கிடையாது."

"பின்ன யாருய்யா தச்சான்?"

எதிர்முனையில் பேச்சு மாறியது. "முதல் ஒத்திகையில ராசா கல்லறையைத் தோண்டச் சொல்ற சீன் ஒண்ணு இருந்துச்சே. அதை ஏன் சார் எடுத்துட்டீங்க?"

"அது கோழைத்தனம்யா. ராஜா கோழையா இருக்கக் கூடாது."

"தொழுகைக்கு நேரமாச்சு. அந்தத் தலையைத் தூரப் போட்டுருங்க சார். அது உடையப்பண்ணன் மொகம்."

தையற்கார ராஜகுரு! சிவசங்கரன் கத்தரிக்கோலை எடுத்துத் தையலை ஒவ்வொன்றாக வெட்டினார். தலையைப் பெட்டியில் போட்டு மூடி, மேலே வாள்களையும் கேடயங்களையும் அடுக்கினார். நூல் பட்ட விரல்கள் பிசுபிசுத்தன. முகர்ந்தார். பிணவறையில் அடித்த அதே மருந்து நெடி.

குளியலறையில் மூன்று முறை சோப்புப் போட்டார். ஜும்ஆ தொழுகை நேரம் என்பதால் கீழே கடைகளின் ஷட்டர்கள் இறங்கி, தெரு வெயிலுக்கு மட்டும் சொந்தமாகக் கிடந்தது. ஏசி உறுமலும், அதிலிருந்து பிளாஸ்டிக் வாளிக்குள் சொட்டும் தண்ணீரும், அவற்றுக்கு நடுவே துணிக்குள் நூல் இழுபடுகிற சர், சர் என்ற மெல்லிய சத்தமும் காதில் விழுந்தன. குழாயை நிறுத்தினார். சத்தமும் நின்றது.

வெளியே வந்தார். வாள்கள் அடுக்கியபடியே இருந்தன. தலை அங்கியில் இருந்தது.

இந்தமுறை தையல் சிறியது. நெருக்கமானது. கை தேறிவிட்டதுபோல.

அவர் அழித்த காட்சி அதுதான். அருண்டலின் வெட்டிய தலை உடலோடு ஒட்டிக்கொண்டது என்று லண்டனே பேசியதாம். ராஜாவுக்குத் தூக்கம் போயிற்றாம். கல்லறையைத் திறந்து பார்க்கச் சொன்னானாம். சிவப்பு மையால் காகிதம் கிழியும் அளவுக்கு ஏன் குறுக்கே கோடு போட்டோம் என்று அவர் அன்று யோசிக்கவில்லை. இப்போது யோசித்தார். பயமாக இருந்தது. இந்தக் கூலிக்காரனுக்கா பயப்படுவது என்ற கோபம்தான் அவரைக் கதவுப் பக்கம் ஓடவிடாமல் நிறுத்தியது.

"செத்தும் அடங்க மாட்டியாடா?"

மறுபடி வெட்டினார். ஒரு தையல். இன்னொன்று. நூல் அறுபடும்போதெல்லாம் ஈரமாக ஏதோ புறங்கையில் தெறித்தது. பார்க்கவில்லை. கடைசித் தையலையும் வெட்டினார். உருவினார். நூல் முழுவதும் கையோடு வந்தது.

தலை விழவில்லை.

ஏசி நின்றது. வாளியில் கடைசிச் சொட்டு.

கழுத்தைத் தடவினார். தையல் இல்லை. விளிம்பு இல்லை. காகிதம் முடிந்து துணி தொடங்க வேண்டிய இடம் வழவழவென்று ஒன்றாக இருந்தது. சுட்டது.

ஓட வேண்டும். சாவி சட்டைப் பையில். கையை எடுக்கப் பார்த்தார். வரவில்லை.

வெற்றுத் தொங்கலாகக் கிடந்த அங்கியின் பொன்னிறக் கை ஒன்று அவருடைய முழங்கை மடிப்புக்குள் நுழைந்து, பொதுக்குழுவில் ஐந்து பேரும் கோத்துக்கொண்ட அதே விதமாகக் கோத்துக்கொண்டது. உள்ளே கனம் இருந்தது. அச்செடுத்தபோது மூடியிருந்த வாய் திறந்து, அன்றைக்குச் சிரித்ததுபோலவே சிரித்தது. கம்பியில் மற்ற நான்கு அங்கிகளும் ஒன்றன் கையை ஒன்று தேடத் தொடங்கின.