பட்டாசும் வெள்ளை நாடாவும்

தொடர் ஓட்டத்தின் இறுதிப் போட்டி தொடங்கப் போகிறது. பட்டாசு நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தாள்.

பற்றவைக்கும் முன்பே வெடித்துவிடுவாள் என்பதால் வகுப்பில் அவளுக்கு அந்தப் பெயர். அணியிலேயே அவள்தான் வேகம். அதனால் கடைசி ஓட்டம் அவளுடையது. மூன்றாவதாக ஓடிவரும் தோழி நெட்டை, தரையில் ஒட்டிய வெள்ளை நாடாவை மிதித்ததும் பட்டாசு கிளம்ப வேண்டும். முன்னால் இருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டுவதற்குள் பேட்டன் குச்சியை அவளிடமிருந்து வாங்கிவிட வேண்டும்.

காலைப் பயிற்சி முழுக்க அவள் முந்தியே கிளம்பினாள். நெட்டை கையை நீட்டிக்கொண்டு துரத்தியதுதான் மிச்சம்.

"கடைசியா ஒரு தடவை பழகுங்க," என்றார் விளையாட்டு டீச்சர். "இப்பவும் முந்தினா, உனக்குப் பதிலா வேற ஆள்தான்."

நெட்டைக்கு முகம் கடுகடுவென்றிருந்தது. "நான் என்ன போலீஸா, உன்னைத் துரத்திப் பிடிக்க?"

"நானா ஓடறேன்? காலு ரெண்டும் என்னைக் கேக்காமலே கிளம்பிடுதுடி."

தண்ணீர் பாட்டிலோடு வந்தாள் பட்டாசின் அம்மா. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்பவள். மகளின் வியர்த்த உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

"அட்ரினலின் வந்தாச்சு. பரபரப்பானா உடம்பு அந்த ஹார்மோனை ரத்தத்துல கலந்துவிட்டுடும். அதான் நெஞ்சு படபடன்னு அடிக்குது."

"அதை நிறுத்த முடியாதாம்மா?"

"எதுக்கு நிறுத்தணும்? ஓடறதுக்கு அது ரொம்ப நல்லது. சும்மா நிக்கத்தான் விடாது."

பட்டாசு தண்ணீரைக் குடித்துக்கொண்டே யோசித்தாள். காலுக்கு அவசரம். கண்ணுக்கும் அவசரம், நெட்டை தொலைவில் வரும்போதே நாடாவை மிதித்துவிட்டதாகத் தோன்றுகிறது. காது மட்டும் சும்மாதானே இருக்கிறது?

நெட்டையிடம் ஓடினாள். "நான் திரும்பியே பாக்க மாட்டேன். எப்பக் கிளம்பணும்னு நீயே முடிவு பண்ணு. நாடாவை மிதிச்சதும் கத்து."

"ஊரே 'ஓடு ஓடு'ன்னு கத்துமே. என் குரல் எப்படித் தெரியும்?"

"வேற யாரும் கத்தாததைக் கத்து."

நெட்டை தலையைச் சொறிந்தாள். "பூசணிக்கா?"

"பூசணிக்காவே கத்து."

பழகிப் பார்த்தார்கள். பேட்டன் கச்சிதமாகக் கைக்கு வந்தது. "என்னமோ பண்ணுங்க," என்று டீச்சர் தலையாட்டினார்.

துப்பாக்கி வெடித்தது. போட்டி தொடங்கியது.

ஒன்று, இரண்டு, இப்போது நெட்டை. பட்டாசு திரும்பாமல் முன்னே பார்த்தே நின்றாள். மைதானம் அதிர்ந்தது. பக்கத்துத் தடத்துப் பெண் கிளம்பிவிட்டாள். இன்னொருத்தியும் பறந்துவிட்டாள். பட்டாசு கால் கட்டை விரலால் தரையைக் கவ்விக்கொண்டாள். போகலாமா? இல்லை, நெட்டை சொல்லட்டும்.

"பூசணிக்கா!"

பாய்ந்தாள். உள்ளங்கையில் பேட்டன் சப்பென்று விழுந்தது. இத்தனை நேரம் அடக்கி வைத்த படபடப்பெல்லாம் காலுக்குள் இறங்கியது. ஒருத்தியைத் தாண்டினாள். முன்னால் போனவளையும் எட்டிப் பிடித்தாள். நெஞ்சை முன்னே தள்ளி, முதல் ஆளாக முடிவுக் கயிற்றைத் தொட்டாள்.

தொட்ட பிறகும் யாரும் குதிக்கவில்லை. எல்லோர் கண்ணும் மஞ்சள் கோட்டருகே நின்ற நடுவர் மேல்தான். கோட்டைத் தாண்டிப் பேட்டன் கைமாறியிருந்தால் சிவப்புக் கொடி, தோல்வி.

அவர் வெள்ளைக் கொடியை உயர்த்தினார்.

நெட்டை ஓடிவந்து பட்டாசைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். பரிசு வாங்கிய பிறகும் பட்டாசு நின்ற இடத்தில் நிற்கவில்லை.

"இந்த அட்ரினலின் எப்பம்மா அடங்கும்?"

"கொஞ்ச நேரம் ஆகும்டா."

"அதுவரைக்கும் என்ன பண்றது?"

"இன்னொரு சுத்து ஓடலாம், வாடி," என்றாள் நெட்டை.

பட்டாசு பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், நெட்டை பாதி மைதானம் போய்விட்டிருந்தாள்.