தாய்ச்சுவரில் நாலு வரி

காலையில் தலைக்கவசத்தை மாட்டியதும் மென்சொல்லி பேசும். "இனிய நாள், பேச்சியம்மாள்." இடுப்பு விட்டுப்போகிறது என்று நான் சொன்னால், அதை "சற்றே களைப்பு" என்று மாற்றி மேலிடத்துக்கு அனுப்பும். கவசத்தில் பேசினாலும் திரையில் எழுதினாலும் எல்லாம் அதன் வழியாகத்தான் போகவேண்டும். யார் மனமும் புண்படக்கூடாதாம். சட்டம்.

வீடுகளை இப்போது அச்சு இயந்திரம் கட்டுகிறது. முதல் வீட்டின் முன்சுவரை மட்டும் நாங்கள் கையால் பூசுவோம். அது தாய்ச்சுவர். அதைப் பார்த்து, அச்சு அசலாக அதே பூச்சைத் தெரு முழுக்க இயந்திரம் போட்டுவிடும்.

தன் அறைக்கு வரமாட்டேன் என்றதற்காக மேஸ்திரி திரவியம், என்னோடு பூச்சு வேலை செய்யும் எஸ்தரின் வலதுகை விரலை ஒடித்தான். அவள் அனுப்பிய புகார், "மேற்பார்வையாளர் கைபிடித்து வழிகாட்டினார்" என்று காவல் நிலையம் சேர்ந்தது. பதிலுக்கு வாழ்த்து வந்தது. நேரில் போனாள். அங்கே காது கொடுத்தவர் காதிலும் மென்சொல்லி.

கடைசியில் கவிதையாக எழுதிப் பார்த்தாள். சாப்பாட்டு நேரத்தில் கவசத்தைக் கழற்றிவிட்டுத் திரையைக் காட்டினாள். மென்சொல்லி திருத்தியிருந்தது; ஒடிந்த விரல் இருந்த இடத்தில் நிலா.

"இந்த நெலா எங்க இருந்துட்டி வந்துச்சு?"

"எல்லாப் பொம்பளைக்கும் இப்பிடித்தான்க்கா வருது. ஒருத்தி தீக்காயத்த எழுதுனா. அவளுக்கு மல்லிகப்பூ."

நாற்பது வயதுக்குமேல் எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். அத்தனை பாடும் இந்த நிலாவைப் படிக்கத்தானா? எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

"தாய்ச்சுவர் இன்னும் ஈரமாத்தான் இருக்கு. எழுதுட்டி."

"ஒங்க வேலைக்கு ஒல வச்சிரப் போறாங்கக்கா."

"நல்ல வேலைதான் போ! எழுதுங்கேன்ல."

பூச்சுக் கரணை நுனியால், இடதுகையில், கோணலாக எழுதினாள்:

நீ ஒடித்தது விரலைத்தான்
சோறு பிசைய மறுகை இருக்கிறது
சொல்லி முடிக்க வாய் இருக்கிறது
உன் பெயர் திரவியம்

அதை இழுத்து மட்டமாக்குவது என் வேலை. நான் செய்யவில்லை. இயந்திரத்தின் 'தயார்' பொத்தானை அழுத்தினேன்.

திரவியம் சாப்பிட்டு வருவதற்குள் பாதித் தெரு முடிந்திருந்தது. ஒவ்வொரு வாசலிலும் அவன் பெயர். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். கவசத்தைத் திரும்ப மாட்டியிருந்த எங்கள் காதில் மென்சொல்லி அதைக் குழைத்துச் சொன்னது: "சகோதரிகளே, நேரமிருந்தால் சுவரைச் சற்றுக் கவனியுங்கள்."

"நேரமில்லீங்க," என்றேன்.

மேலும் கத்தினான். "ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள்" என்றது. கரணைகளைக் கீழே போட்டு உட்கார்ந்தோம்.

அன்றுதான் குடிவரப்போகிறவர்கள் வீடு பார்க்க வரும் நாள். வாசல் வாசலாக நின்று வெறும் கண்ணால் படித்துக்கொண்டே வந்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி, கத்திக்கொண்டிருந்தவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இவனா?"

எஸ்தர் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள்.